யாரிடம் பிரார்த்திப்பது? யூத ஞானிகளைக் குழப்பிய 'எய்ன் சோஃப்'

யூதர்கள் அன்றாடம் சொல்லும் ஆசீர்வாதப் பிரார்த்தனைகளுக்கு ஒரே மாதிரியான தொடக்கம் உண்டு. ரொட்டி சாப்பிடும் முன் சொல்வதானாலும் சரி, திராட்சை ரசம் அருந்தும் முன் சொல்வதானாலும் சரி, கடவுளை நேருக்கு நேர் 'நீர்' என்று விளித்துத்தான் அவை ஆரம்பிக்கின்றன. எதிரில் நிற்கும் ஒருவரிடம் பேசுவது போன்ற தொனி அது.

அதே யூத மரபில்தான் கடவுளின் சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியாது, அதற்குப் பெயர் வைக்க முடியாது, மனத்தால் எட்டிப் பிடிக்கவும் முடியாது என்று சொன்னவர்களும் தோன்றினார்கள். கபாலா என்று அழைக்கப்படும் யூத மறைஞான மரபினர் அதை 'எய்ன் சோஃப்' என்றார்கள். எபிரேய மொழியில் 'முடிவு இல்லை' என்று பொருள்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பெயரும் குணமும் இல்லாத ஒன்றை 'நீர்' என்று எப்படிக் கூப்பிடுவது? அதனிடம் மழை கேட்கலாமா, நோய் தீரக் கேட்கலாமா? கேட்டால் அது காது கொடுக்குமா? சுமார் 600 வருடங்கள் யூத அறிஞர்களை விடாமல் துரத்திய கேள்வி இது. இந்தக் கேள்வியின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

பெயர் சொல்லாத மரபு

கடவுள் எட்டாதவர் என்ற எண்ணம் கபாலாவுக்கு வெகுகாலம் முந்தையது. யாத்திராகமத்தில் மோசே கடவுளின் மகிமையைக் காண ஆசைப்படுகிறார். முகத்தைப் பார்த்துவிட்டு எந்த மனிதனும் உயிரோடு இருக்க முடியாது என்று பதில் வருகிறது. மோசேக்குக் காணக் கிடைப்பது பின்புறம் மட்டுமே.

நான்கு எழுத்துகள் கொண்ட கடவுளின் பெயரும் அப்படித்தான். ஜெருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் யோம் கிப்பூர் என்னும் பாவநிவாரண நாளன்று தலைமைக் குரு அதை உச்சரிப்பார். கி.பி. 70-ல் ரோமானியர்கள் ஆலயத்தை இடித்த பிறகு அந்த உச்சரிப்பும் மறைந்துபோனது. வேதத்தில் அந்த நான்கு எழுத்துகள் வரும் இடத்தில் யூதர்கள் 'அதோனாய்', அதாவது 'என் ஆண்டவர்', என்று மாற்றித்தான் இன்றும் வாசிக்கிறார்கள்.

இருந்தாலும் வேதத்தின் கடவுள் பேசுகிறார், கோபப்படுகிறார், மனம் இரங்குகிறார். பெயரைச் சொல்லக்கூடாதே தவிர, அவருடைய குணத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அந்த நிலையைத் தர்க்கத்தால் அசைத்துப் பார்த்தவர் ஒரு மருத்துவர்.

மைமோனிடிஸ் போட்ட பூட்டு

மோசே பென் மைமோன், சுருக்கமாக மைமோனிடிஸ், ஸ்பெயினின் கோர்டோபா நகரில் 1138-ல் பிறந்தவர். பின்னாளில் எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் குடியேறினார். அவருடைய தம்பி டேவிட் ஒரு வியாபாரி. அவர் சம்பாத்தியத்தில்தான் குடும்பம் நடந்தது, அண்ணன் படிப்பில் மூழ்கியிருந்தார். வியாபாரத்துக்காகக் கடல் கடந்து போன டேவிட், இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்துபோனார். அந்தத் துக்கத்தில் ஒரு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்ததாக மைமோனிடிஸே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதன் பிறகு மருத்துவம் அவருக்குப் பிழைப்பானது.

1190 வாக்கில் அவர் அரபு மொழியில், எபிரேய எழுத்தில் எழுதி முடித்த நூல் 'குழம்பியவர்களுக்கு வழிகாட்டி'. கடவுள் எப்படிப்பட்டவர் அல்ல என்று மட்டுமே சொல்ல முடியும் என்பது அந்நூலின் முக்கியமான வாதம். கடவுள் அறிவுள்ளவர் என்றால் அறியாமை இல்லாதவர் என்று அர்த்தம், அவ்வளவே. அறிவு என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது அவரிடம் இருக்கிறது என்று அர்த்தம் ஆகாது.

இதற்கு அவர் கப்பலை உதாரணம் காட்டுகிறார். கப்பல் என்று ஒன்று இருக்கிறது என்று மட்டும் தெரிந்த ஒருவருக்கு, அது கனிமம் இல்லை, மரஞ்செடி இல்லை, தட்டையான பலகை இல்லை, உருண்டை இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் கப்பலை நெருங்கிவிடுவார். கடவுளை நெருங்கவும் இப்படிக் கழித்துக்கொண்டே போவதுதான் வழி.

அப்படியானால் புகழ்ந்து பாடும் பிரார்த்தனைகள்? தால்முதில் வரும் ஒரு சம்பவத்தை மைமோனிடிஸ் எடுத்துக்கொள்கிறார். ஒருவன் கடவுளை நீளமான அடைமொழிகளால் அடுக்கடுக்காகப் புகழ்ந்தானாம். ரப்பி ஹனினா அவனைக் கண்டித்தார். கோடிக்கணக்கில் தங்கக் காசு வைத்திருக்கும் அரசனிடம் போய், 'எவ்வளவு வெள்ளி வைத்திருக்கிறீர்கள்!' என்று புகழ்ந்தால் அது அவமானமல்லவா? இதில் மைமோனிடிஸ் ஒரு நுட்பத்தைக் கவனிக்கச் சொல்கிறார். நூறு தங்கக் காசு வைத்திருப்பவனை ஐம்பது வைத்திருக்கிறாய் என்று சொன்ன கதை அல்ல இது. நாணயமே வேறு. மனிதர்களின் புகழ்ச்சியில் இருக்கும் எந்தக் காசும் கடவுளின் கணக்கில் செல்லாது. வேதத்திலும் வகுக்கப்பட்ட பிரார்த்தனையிலும் உள்ள சொற்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மௌனமே சிறந்த புகழ்ச்சி என்பது அவர் முடிவு.

தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஜெப ஆலயத்துக்கு ஓடி வருகிறவனுக்கு இந்த மௌனத்தால் என்ன ஆறுதல்?

கபாலாவின் பிறப்பு

மைமோனிடிஸ் இறந்தது 1204-ல். 'வழிகாட்டி'யை சாமுவேல் இப்ன் திப்பொன் எபிரேயத்தில் மொழிபெயர்த்து முடித்ததும் அதே வருடம்தான். அவர் வாழ்ந்த தெற்கு பிரான்ஸின் ப்ரோவான்ஸ் பகுதியிலேயே அந்தக் காலத்தில் கபாலா தலையெடுத்தது. 'பாஹிர்' என்ற புதிரான நூல் அங்கே வெளிப்பட்டது 12-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில். கபாலாவின் முதல் பெரிய ஆசிரியர் என்று கருதப்படும் ஈசாக்கும் அங்கேதான் வாழ்ந்தார். கண்பார்வை இல்லாததால் வரலாறு அவரைக் 'குருட்டு ஈசாக்' என்றே குறிப்பிடுகிறது.

கபாலா மரபினர் மைமோனிடிஸை மறுக்கவில்லை, அவர் போட்ட பூட்டை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். கடவுளின் சாரம் அறிய முடியாததுதான். ஆனால் அறிய முடியாத அந்த ஒன்று தன்னிலிருந்து பத்து ஒளிகளை வெளிப்படுத்துகிறது என்றார்கள். அவற்றுக்கு 'செஃபிரோத்' என்று பெயர். கெதர் என்னும் மகுடம், ஞானம், புரிதல், கருணை, நீதியின் கடுமை, அழகு, நிலைபேறு, மகத்துவம், அடித்தளம், அரசாட்சி ஆகியவையே அந்தப் பத்து. வேதம் பேசும் கடவுள், கோபிக்கும் கடவுள், மன்னிக்கும் கடவுள் எல்லாம் இந்தப் பத்தில் அடக்கம். எய்ன் சோஃப் இவற்றுக்கும் அப்பால்.

'எய்ன் சோஃப்' முதலில் ஒரு பெயராகவே இருக்கவில்லை. 'முடிவில்லாமல்', 'முடிவற்ற அளவுக்கு' என்ற பொருளில் வாக்கியத்தின் நடுவே வந்துபோன சொல் அது. ஸ்பெயினின் ஜெரோனா நகரில் 13-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த அஸ்ரியேல் போன்றவர்களின் எழுத்தில்தான் அது பெயர்ச்சொல்லாக நிலைபெறுகிறது. அஸ்ரியேல் செஃபிரோத் பற்றிக் கேள்வி பதில் வடிவில் ஒரு நூல் எழுதினார். எல்லையற்றதிலிருந்து எல்லையுள்ளவை ஏன் வர வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன காரணம் சுவாரஸ்யமானது. எல்லைக்கு உட்பட்டுச் செயல்படும் ஆற்றல் எய்ன் சோஃபுக்கு இல்லை என்றால், அதுவே அதற்கு ஒரு குறை ஆகிவிடும். குறை இருந்தால் அது முழுமை அல்ல. ஆகவே எல்லையுள்ள செஃபிரோத் தோன்றியே ஆக வேண்டும்.

ஜெரோனாக்காரர்கள் இதையெல்லாம் எழுதிப் பரப்புவது குருட்டு ஈசாக்குக்குப் பிடிக்கவில்லை. எழுதியதை அலமாரிக்குள் பூட்டி வைக்க முடியாது, அது யார் கையிலும் சிக்கும் என்ற கவலையோடு அவர்களைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். பேசவே முடியாத ஒன்றைப் பற்றி ஊரெல்லாம் பேசுவது அவருக்கு ஆபத்தாகப் பட்டது.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த, ஆசிரியர் பெயர் இல்லாத 'மாரேகெத் ஹா-எலோஹுத்' என்ற கபாலா நூல், எய்ன் சோஃப் பற்றித் தோராவிலோ தீர்க்கதரிசிகளின் நூல்களிலோ மற்ற வேத நூல்களிலோ தால்முது ஞானிகளின் வார்த்தைகளிலோ குறிப்பே இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. வேதத்தின் கடவுளும் எய்ன் சோஃபும் ஒன்றா என்ற கேள்வி இதனால் இன்னும் கூர்மையானது.

எழுவாய் இல்லாத வாக்கியம்

கபாலாவின் தலையாய நூலான 'ஸோஹர்' 13-ம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் காஸ்டில் பகுதியில் பரவத் தொடங்கியது. அரமேய மொழியில் அமைந்த இந்நூல், 2-ம் நூற்றாண்டு ஞானி ஷிமோன் பார் யோகாயின் வாயிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறது. பிரதிகளை வெளியிட்டவர் மோசே தெ லியோன். 1305-ல் அவர் இறந்த பிறகு, அவருடைய மனைவி அப்படி ஒரு பழைய சுவடியே வீட்டில் இல்லை, கணவர் தன் மனத்திலிருந்தே எழுதினார் என்று சொன்னதாக ஏக்கர் நகரத்து ஈசாக் பதிவு செய்திருக்கிறார். ஏன் சொந்தப் பெயரில் எழுதவில்லை என்று மனைவி கேட்டாராம். என் பெயரில் எழுதினால் யார் காசு கொடுப்பார்கள், பார் யோகாய் பெயர் என்றால் நல்ல விலை கிடைக்கும் என்பது கணவரின் பதிலாம். நவீன ஆய்வாளர்களில் கெர்ஷோம் ஷோலெம் நூலின் பெரும்பகுதியை மோசே தெ லியோனே எழுதினார் என்று வாதிட்டார். பின்னால் வந்த யெஹுதா லீபெஸ் போன்றவர்கள் அவரைச் சுற்றியிருந்த ஒரு குழுவின் கூட்டுப்படைப்பாக இதைப் பார்க்கிறார்கள்.

எழுதியவர் யாராக இருந்தாலும், அந்த நூலின் துணிச்சல் அபாரமானது. வேதத்தின் முதல் வாக்கியத்தை எபிரேயச் சொல் வரிசைப்படி வைத்தால் 'ஆதியில் படைத்தார் தேவன்' என்று வரும். ஸோஹர் இதை வேறு மாதிரி வாசிக்கிறது. 'ஆதி' என்பதைக் கருவியாகக் கொண்டு, பெயர் சொல்லப்படாத ஒன்று, 'தேவன்' என்னும் நிலையை வெளிப்படுத்தியது. அதாவது 'தேவன்' எழுவாயிலிருந்து செயப்படுபொருளாகிறார். எழுவாய் இருக்க வேண்டிய இடம் காலி. அந்தக் காலி இடம்தான் எய்ன் சோஃப்.

இத்தனைக்கும் எய்ன் சோஃப் பற்றி ஸோஹர் அதிகம் பேசுவதில்லை. பக்கம் பக்கமாகப் பேசுவது செஃபிரோத் பற்றித்தான். முதல் செஃபிராவான கெதரையே கபாலா நூல்கள் 'ஒன்றுமில்லாதது' என்று அழைத்தன. வெளிப்பட்டதன் முதல் படியே ஒன்றுமில்லாதது போலத் தோன்றுகிறது என்றால், அதற்கும் அப்பால் இருப்பதை எப்படிச் சொல்வது?

மூன்றா, பத்தா?

எதிர்ப்பு வராமலா இருக்கும்! 13-ம் நூற்றாண்டில் ஆபிரகாம் அபுலாஃபியா என்ற மறைஞானியே இந்தக் கபாலாக்காரர்களைக் கிண்டல் செய்தார். கிறிஸ்தவர்கள் மூன்று ஒன்று என்கிறார்கள், இவர்கள் பத்து ஒன்று என்கிறார்கள், பெரிய வித்தியாசம் என்ன என்பது அவர் கேள்வி. யூதர்கள் கட்டாய மதமாற்றத்துக்கு அஞ்சி வாழ்ந்த கிறிஸ்தவ ஸ்பெயினில் இது சாதாரணக் கிண்டல் அல்ல.

இதே கேள்வியைப் பிற்பாடு நிதானமாக எழுப்பியவர் ரப்பி ஈசாக் பென் ஷேஷெத். 1326-ல் பார்சிலோனாவில் பிறந்து, 1391 கலவரங்களுக்குப் பிறகு அல்ஜியர்ஸுக்குத் தப்பிப்போய் 1408-ல் இறந்த சட்ட அறிஞர். கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில்களில் 157-வது பதில் இந்த விஷயத்தைப் பேசுகிறது.

கபாலா அறிந்த டான் ஜோசப் இப்ன் ஷோஷனிடம் அவர் நேராகவே கேட்டிருக்கிறார். ஒரே பிரார்த்தனையில் ஒரு வரியை ஒரு செஃபிராவை எண்ணியும் அடுத்த வரியை இன்னொன்றை எண்ணியும் சொல்கிறீர்களே, எப்படி? ஜோசப் சொன்ன பதில் இது. பிரார்த்தனை எப்போதும் காரணங்களுக்கெல்லாம் காரணமான அந்த ஒருவரிடம்தான். ஆனால் அரசனிடம் நியாயம் கேட்டு வருகிறவன், அதை நீதிபதி வழியாகச் செய்யச் சொல்லிக் கேட்பான். பரிசு வேண்டும் என்கிறவன் பொக்கிஷதாரர் வழியாகக் கேட்பான். கேட்பது அரசனிடம், வந்துசேரும் வழி மட்டும் வேறு.

பதில் நன்றாகத்தான் இருக்கிறது என்று ரப்பி ஈசாக் ஒப்புக்கொள்கிறார். ஆனால் நம்மை யார் இதற்குள்ளெல்லாம் போகச் சொன்னது என்று உடனே கேட்கிறார். நேராகக் கடவுளிடம் கேட்டுவிட்டு, எந்த வழியாகத் தருவது என்பதை அவரிடமே விட்டுவிடலாமே. இதற்கு ஆதாரமாக அவர் தன் ஆசிரியர் சொல்லக் கேட்ட ஒரு செய்தியையும் எழுதுகிறார். பிரான்ஸைச் சேர்ந்த ஷினோன் நகர் சாம்சன் தன் தலைமுறையின் பெரிய அறிஞர், கபாலாவும் தெரிந்தவர். அவரே 'இந்தச் சின்னக் குழந்தையின் மனத்தோடுதான் பிரார்த்திக்கிறேன்' என்ற கருத்தில் பேசுவாராம்.

சஃபேத் நகரின் பதில்கள்

1492-ல் ஸ்பெயின் தன் யூதர்களை நாட்டைவிட்டே வெளியேற்றியது. அகதிகளில் பலர் ஒட்டோமான் பேரரசுக்குப் போனார்கள். கலிலேயா மலைமேல் உள்ள சஃபேத் நகரம் 16-ம் நூற்றாண்டில் கபாலாவின் தலைநகரமானது.

அங்கே வாழ்ந்த மோசே கோர்டோவேரோ (1522-1570), 1548-ல் முடித்த 'மாதுளைத் தோட்டம்' என்ற பெருநூலில் பழைய வழக்குக்கு ஒரு சமரசம் கண்டார். செஃபிரோத் கடவுளின் சாரமே என்று ஒரு கட்சி. அவை வெறும் கருவிகள் என்று இன்னொரு கட்சி. இரண்டும் உண்மை என்றார் கோர்டோவேரோ. பத்து நிறக் கண்ணாடிகள் வழியே சூரிய ஒளி வருகிறது. சிவப்பும் பச்சையும் கண்ணாடியின் நிறங்கள், உள்ளே வரும் ஒளிக்கு நிறமே கிடையாது. கருணை, கோபம் என்று மனிதன் காண்பது கண்ணாடியை. ஒளி ஒன்றேதான்.

அவர் இறந்த வருடம் சஃபேத்துக்கு வந்தவர் ஈசாக் லூரியா. இரண்டே வருடத்தில், 1572-ல், கொள்ளைநோயில் 38 வயதில் இறந்துபோனார். அவர் எழுதியது மிகக் குறைவு, சீடர் ஹாயிம் விதாலின் எழுத்துகள் மூலமே அவருடைய போதனை உலகுக்குத் தெரிந்தது. எங்கும் எய்ன் சோஃப் நிறைந்திருந்தால் உலகத்துக்கு இடம் ஏது என்பது லூரியாவின் கேள்வி. எய்ன் சோஃப் தன்னைச் சுருக்கிக்கொண்டு ஒரு வெற்றிடத்தை விட்டது என்றார். இதற்கு 'ட்சிம்ட்சும்' என்று பெயர். படைப்பின் முதல் செயல் வெளிப்படுவது அல்ல, ஒதுங்கிக்கொள்வது. பிறகு அந்த வெற்றிடத்தில் பாய்ந்த ஒளியைத் தாங்க முடியாமல் கலங்கள் உடைந்தன. சிதறிய பொறிகளை மீட்டெடுப்பது மனிதனின் வேலை, பிரார்த்தனை அதற்கான வழி. நாடிழந்து சிதறிக் கிடந்த ஒரு சமூகத்துக்கு இந்தச் சித்திரம் எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கயிறு அறுந்த இடமும் மீண்டும் கட்டிய இடமும்

எட்டாத கடவுளையும் பிரார்த்திக்கும் கடவுளையும் இணைத்த கயிறு ஓர் இடத்தில் அறுந்தே போனது. 1665-ல் ஷப்தாய் ஸ்வி தன்னை மெசியா என்று அறிவித்தார். அடுத்த வருடமே ஒட்டோமான் சுல்தானின் முன்னிலையில் இஸ்லாத்தைத் தழுவினார். அதன் பிறகும் அவரை நம்பியவர்களில் ஒருவர் ஆபிரகாம் கார்டோசோ. கார்டோசோவின் வாதப்படி, முதற்காரணம் எல்லா மக்களும் தங்கள் அறிவால் கண்டுகொள்வது, அதை வழிபட வேண்டியதில்லை. இஸ்ரவேலின் கடவுள் வேறு, வழிபாடு அவருக்குத்தான். பெரும்பாலான ரப்பிகளுக்கு இது ஒரே கடவுள் என்ற நம்பிக்கையின் அடித்தளத்தையே தகர்ப்பதாகத் தெரிந்தது.

அடுத்த நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவின் ஹசிதியர்கள் எதிர்த்திசையில் போனார்கள். லியாதி ஊரைச் சேர்ந்த ஷ்னேயர் சல்மான் 1796-ல் அச்சிட்ட 'தான்யா' நூல், ட்சிம்ட்சும் என்பது உண்மையான விலகல் அல்ல என்றது. எய்ன் சோஃப் எங்கேயும் போகவில்லை. இந்த இடத்தில், இந்த நேரத்தில், படைப்புக்கு முன் இருந்தது போலவே நிறைந்திருக்கிறது. மறைந்திருப்பது மனிதனின் கண்ணுக்கு மட்டுமே. ஹசிதியர்களுக்கு எதிராக 1772-ல் வில்னாவில் தடை பிறப்பிக்கப்பட்டிருந்தது. அந்தத் தடைக்குப் பின்னால் நின்றவர் வில்னா காவோன் என்ற மாபெரும் அறிஞர். அவருடைய சீடர் வோலோஷின் ஹாயிமின் நூல் 1824-ல் வெளிவந்தபோது, அதுவும் ஏறக்குறைய இதையேதான் சொன்னது. கடவுளின் பக்கத்திலிருந்து பார்த்தால் எங்கும் அவரே நிறைந்திருக்கிறார். மனிதனின் பக்கத்திலிருந்து பார்த்தால் உலகம் இருக்கிறது, நன்மை தீமை இருக்கிறது, கடைப்பிடிக்க வேண்டிய சட்டம் இருக்கிறது. மனிதன் தன் பக்கத்திலிருந்துதான் வாழ வேண்டும் என்று அவர் எச்சரித்தார்.

'நீர்' என்று தொடங்கி 'அவர்' என்று முடிவது

கெர்ஷோம் ஷோலெம் (1897-1982) பெர்லினில் பிறந்து 1923-ல் ஜெருசலேமில் குடியேறியவர். மூடநம்பிக்கை என்று ஒதுக்கப்பட்டிருந்த கபாலாவை எபிரேயப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையாக வளர்த்தெடுத்தவர் அவர். இன்று இந்தச் சர்ச்சைகளை நூற்றாண்டு வாரியாகப் பார்க்க முடிவதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அப்படி வரிசையாகப் பார்க்கும்போது ஒரு விஷயம் தெளிவாகிறது. எய்ன் சோஃப் என்றால் என்ன என்பதில் யாரும் சண்டை போடவில்லை. அது அறிய முடியாதது என்பதில் எல்லோரும் ஒரே கட்சி. சண்டை எல்லாம் அதற்கும் மனிதனுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றித்தான். பத்து ஒளிகளா, நிறக் கண்ணாடியா, வெற்றிடமா, அல்லது கண்ணை மறைக்கும் திரை மட்டுமா? எட்டாததை எட்டாததாகவே விட்டால் பிரார்த்தனை செத்துவிடும். எட்டிவிட்டோம் என்று சொன்னால் அது கடவுளாக இருக்காது. இந்த இரண்டு இழப்புகளையும் தவிர்க்கத்தான் ஒவ்வொரு தலைமுறையும் பாடுபட்டிருக்கிறது.

தொடக்கத்தில் பார்த்த ஆசீர்வாதப் பிரார்த்தனையில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 'நீர்' என்று தொடங்கும் அந்த வாக்கியம், கட்டளைகளைப் பற்றிய பிரார்த்தனைகளில் பாதி வழியில் படர்க்கைக்கு மாறி, 'அவர்' செய்ததைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும். இலக்கணப்படி பார்த்தால் பிழை. கபாலா ஞானிகள் இதைப் பிழை என்று திருத்த முயலவில்லை. நெருங்கி நிற்கும் கடவுளுக்கு 'நீர்', மறைந்து நிற்கும் கடவுளுக்கு 'அவர்' என்று விளக்கம் சொன்னார்கள். இரண்டும் ஒரே வாக்கியத்துக்குள் இருப்பதால் இரண்டும் ஒருவரே. சாப்பாட்டு மேசையிலும் ஜெப ஆலயத்திலும் இந்தப் பிரார்த்தனைகளைச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் எய்ன் சோஃப் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள்.